கதவருகே வந்தால் ஒரு புள்ளி

பதிவு 1 / செவ்வாய், காலை 7:10
நிலவின் தென்துருவ நிலையம். எழுதுபவர் மங்கையர்க்கரசி, பொறியாளர். நிலையத்தில் நான் மட்டும். அழுத்தம், மின்சாரம் சரி. பள்ளிகளுக்கான ரோபோ போட்டியின் இறுதிச் சுற்று நாளை. முதலில் இறங்குவது தூத்துக்குடிப் பெண்கள் பள்ளி அணி. மூன்று சிறு வண்டிகள் இங்கே, நிரல் எழுதும் பிள்ளைகள் அங்கே. ஓட்டம் தொடங்கியபின் யாரும் குறுக்கிடக் கூடாது. எங்கே போவது, எதை எடுப்பது என்று வண்டியே முடிவு செய்ய வேண்டும். பள்ளத்தில் அள்ளும் பனிக்கட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நடுவர் நான்; வண்டியை நிறுத்தும் பொத்தான் என்னிடம் மட்டும். சரியான தூக்கமில்லை.

பதிவு 2 / புதன், மாலை 4:40
போட்டி தொடங்குமுன்பே பள்ளத்தின் சரிவு இடிந்துவிட்டது. பனி தோண்டும் பெரிய இயந்திரம் மண்ணுக்குள். வெளியே இருந்த நான் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தேன். தலைக்கவசக் கண்ணாடியில் விரிசல். இனி வெளியே போக வழியில்லை. ஆன்டெனா சாய்ந்ததால் பூமியோடு பேச நாளுக்குச் சில நிமிடம்தான். எனக்கான காற்று அந்தப் பனிக்கட்டியின் நீரிலிருந்து வருவது. கையிருப்பு நான்கு நாளுக்கு. மீட்புக் கலம் வர ஒன்பது நாள் ஆகும்.
கட்டுப்பாட்டு மையம் கேட்டது: "மங்கை, அந்த ஸ்கூல் வண்டிங்க நல்லா இருக்கா?"
இருக்கின்றன.

பதிவு 3 / வியாழன், மாலை 5:05
அணித் தலைவி ஜெனிட்டாவை மையம் இணைத்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். அழுதிருப்பாள் போல, மூக்கடைத்த குரல்.
"அக்கா, பழைய நிரல் ஆவாது. அள்ளுனாலே புள்ளின்னு வச்சிருந்தோம். வண்டி பள்ளத்துக்குள்ளயே அள்ளிக்கிட்டு கெடக்கும், உங்ககிட்ட வராது. உங்க கதவுகிட்ட கொண்டாந்து போட்டாத்தான் புள்ளின்னு மாத்திட்டோம்."
பேட்டரி தீர்ந்து வண்டி நின்றுபோனால்?
"வண்டிக்குப் புள்ளியே வைக்கல. அது போனாப் போவுதுக்கா. நீங்க இருக்கணும்லா."
பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

பதிவு 4 / சனி, பிற்பகல்
பனிக்கட்டி வருகிறது. சிறு கதவு வழியாக வாங்கி உருக்குகிறேன், மறுபடி வாங்குகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. இரண்டு வண்டிகள் பள்ளத்தின் நிழலில் உறைந்து நின்றுவிட்டன. ஒன்றுதான் மிச்சம். அதுவும் வரவர மெதுவாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், போதாது. கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

பதிவு 5 / திங்கள்
நேற்றிலிருந்து வண்டி சீக்கிரம் சீக்கிரம் திரும்புகிறது. சந்தோஷப்பட்டேன், அசதியில் ஏன் என்று யோசிக்கவில்லை. இன்று ஒரு கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். விளிம்பெல்லாம் நேராக, செங்கல் போல. பள்ளத்துப் பனி இப்படி இருக்காது.
அப்புறம்தான் அந்தச் சத்தம். என் படுக்கைக்குப் பின்னால், வெளியே, சுரண்டும் சத்தம்.
நிலையத்தின் வெளிச்சுவர் பனிக்கட்டிகளை அடுக்கிக் கட்டியது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்குவது அதுதான். பள்ளம் தூரம், பேட்டரி குறைவு. கதவுக்குப் பக்கத்தில் கிடைக்கும் பனி எதுவென்று வண்டி சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. சுவரைத் தொடாதே என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. மையத்துக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.
நடுவர் பொத்தானை அழுத்தினேன். நின்றது. பெயர்ந்த இடத்தில் உட்சுவர் விரிசல் விட்டிருக்கிறது. இருந்த பசை முழுவதையும் பூசிவிட்டேன். அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பதிவு 6 / செவ்வாய்
இணைப்பு கிடைத்தது. பின்னால் ஒரே கூச்சல்.
"அக்கா! புள்ளி எப்படி ஏறுச்சு பாத்தீங்களா! ஸ்கூலே கத்துது, கேக்குதா? காத்து போதுமாக்கா?"
"போதும்மா. நல்லா பண்ணியிருக்கீங்க."
"அப்ப வண்டி ஏன் நிக்குது?"
"நான்தான் நிறுத்தினேன். இனிமே தேவைப்படாது."
சிரித்தாள். மூக்கடைப்பு போயிருந்தது. மையம் என்னைத் திருத்தவில்லை. அழுத்த எண்கள் அவர்களுக்கும் தெரியும்.

பதிவு 7
காது அடைக்கிறது. விரல் சொன்னபடி கேட்கவில்லை.
வருகிறவர்களுக்கு. முதல் வேலையாக வண்டியைச் சுவர்ப்பக்கமிருந்து நகர்த்தி, பள்ளத்தருகே விட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்கு முன்பே. சரிவு இடிந்ததில் சுவர் பெயர்ந்தது என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். இந்தப் பதிவையும் அழித்து