வராத தண்ணீரில் வழுக்கி விழுந்தவனுக்கு

என் கண்ணான தம்பி குமரா,

அங்கேயாவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? இல்லை, அங்கேயும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்களா?

இங்கே அப்படித்தானே ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் நீங்கள் மூன்று பேர் கண்காணிப்பு கேமரா மாட்டிவிட்டு வந்த வீட்டில் நகை காணோம் என்றார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரிடமும் ஊரைக் கேட்டார். நீ நம் ஊரைச் சொன்னதும் அவருக்குத் துப்பு துலங்கிவிட்டது. "ஓ, அந்த ஊரா? பரம்பரைத் தொழிலாச்சே!" மற்ற இருவரும் வீட்டுக்குப் போனார்கள். திருட்டுச் சாதி என்று நம் பாட்டன் பூட்டன் மேல் வெள்ளைக்காரன் குத்திய முத்திரை. அவன் கப்பலேறிவிட்டான். இவர்கள் அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மூளைக்கு வேலை இல்லாமல் சம்பளம் வாங்க இதைவிட வசதி உண்டா?

எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தேன். உள்ளே நீ கத்தியது வாசல் பெஞ்சு வரை கேட்டது. "உட்காரும்மா, விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்" என்றார் ஏட்டு, மிக்சர் தின்றுகொண்டே. நான் வாசலில்தான் இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்ததா, தம்பி?

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார்கள். வரும்போதே உயிர் இல்லை என்றார் டாக்டர்.

நகை கிடைத்துவிட்டது. அந்த வீட்டு மருமகனே எடுத்து அடகு வைத்திருந்தானாம். அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரித்தார்கள். குடும்ப விஷயமாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். "பாத்ரூம் ஈரமா இருந்துச்சுங்க ஐயா, கால் வழுக்கிருச்சு" என்றார். நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அன்னைக்கு நானும் பாத்ரூம் போகணும்னு கேட்டேங்க ஐயா. குழாயில தண்ணி வந்து ரெண்டு நாளாச்சுன்னு அந்த ஏட்டுதான் பக்கத்து ஓட்டலுக்கு அனுப்பினாரு. வராத தண்ணியில என் தம்பி எப்படிங்க வழுக்குவான்?"

ஏட்டு குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். ஸ்டேஷன் கேமராப் பதிவைக் கேட்டோம். அன்றைக்குப் பார்த்துப் பழுதாம்.

இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்த தண்டனையைக் கேள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றல், பிறகு பதவி உயர்வு. திருவானைக்காவலில் "நேர்மையின் சிகரமே" என்று ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய முகத்தில் ஒரு துளி கூச்சம் இல்லை.

சமாதானம் பேச ஒருவர் வந்தார். "போனவன் திரும்பியா வரப்போறான்? ஐயா சொன்னா உங்களுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுப்பாங்க."

"உங்க ஐயா வேலை பார்க்கிற லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே. போயிட்டு வாங்க" என்றேன். அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பாத நம் அம்மா!

இன்ஸ்பெக்டர் மேல் நாங்கள் போட்ட வழக்கு இப்போது கோர்ட்டில் இருக்கிறது. பாதி வாய்தாவுக்கு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடுகிறது. பாவம், அடிக்கிறபோது மட்டும் நல்ல ஆரோக்கியம். நான் ஒரு வாய்தாவையும் விடவில்லை, விடவும் மாட்டேன். சல்யூட் வாங்கியே பழகிய அந்த மனிதர், டவாலி தன் பெயரைக் கூவியதும் கூண்டில் ஏறிக் கைகட்டி நிற்பதைப் பார்க்காமல் நான் சாக மாட்டேன் தம்பி. இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ராசாத்தி அக்கா