பத்திரிகையில் இருக்கும் தனப்பிரியா

பள்ளிபாளையம்,
நவம்பர் 6.

நார்வே தேசத்தில் நம்ம சனத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வித்யா டீச்சருக்கு, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட உன் வீட்டுக்காரன் சிவக்குமார் எழுதுவது.

நானும் பிரவீனாவும் நல்லா இருக்கிறோம். உன்னைத் தினமும் போனில் பார்த்துவிடுவதால் நலமறிய ஆவல் என்று பொய் எழுத மாட்டேன். விசா ஆபீசுக்கான அசல் பேப்பரைக் கூரியரில்தான் அனுப்ப வேண்டுமாம். அந்தக் கவரிலேயே இதையும் வைக்கிறேன். போனில் என்றால் நான் எதையாவது சொல்லிச் சிரித்தே ஒப்பேற்றிவிடுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து நீயே வைத்துக்கொள், திருத்தி எழுதச் சொல்லாதே.

உன் விசாவில் புருசனும் வந்து தங்கலாம் என்று சொன்ன ஆபீஸ், நான்தான் அந்தப் புருசன் என்பதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறது. அவர்களையும் குத்தம் சொல்ல முடியாது. கல்யாணம் ஆகி இருபத்தோரு வருசம். நாம் பதிவு பண்ணிச் சான்று வாங்கியதோ நீ விமானம் ஏறுவதற்கு முந்தின மாசம். சந்தேகப்பட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டார்கள். பிரவீனாவும் அனுப்பினாள். அதில் மணமகள் பேர் தனப்பிரியா! யார் இந்தப் பொண்ணு என்று கேட்டு லெட்டர் வந்துவிட்டது. நானும் இருபத்தோரு வருசமா அவளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்க என்று பதில் போடச் சொன்னேன். உன் மகள் முறைத்த முறையில் நீயே வந்து நின்ற மாதிரி இருந்தது.

ஜாதகம் சேரவில்லை என்று, பேர் ராசிக்குப் பொருத்தம் பார்த்து, பத்திரிகைக்கு மட்டும் உனக்கு ஒரு பேர் வைத்த கதையை நார்வேக்காரனுக்கு எப்படி விளக்குவது? ரெண்டும் ஒரே ஆள்தான் என்று, கல்யாணத்துக்கு வந்த ரெண்டு பேர் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். இந்த மாசம் இருபத்தைந்துக்குள் அங்கே சேராவிட்டால் மனு தள்ளுபடி.

போர்வெல் ரிக் வண்டியில் என்னோடு கிடந்த பெரியசாமி கூப்பிட்டதும் வந்தான். பொண்ணு முகம் ஞாபகம் இல்லீங்க, பந்தியில மூணு தடவை உக்காந்தது ஞாபகம் இருக்குதுங்க என்று வக்கீலிடமே சொன்னான்.

பாப்பாயி அக்காதான் மசியவில்லை. கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இணைச்சீர் செய்த கூடப்பிறந்தவள், அவளை விட்டால் வேறு யார் சாட்சி? பொண்டாட்டி சம்பளத்துல நீ உக்காந்து திங்கறதுக்கு நான் கையெழுத்துப் போடோணுமா, உன்ற ரோசம் எங்கடா போச்சு என்றாள். ரோசத்துக்கு விசா கிடையாதாம்க்கா, அதை உன்ற ஊட்டுலயே உட்டுட்டுப் போறேன், பாத்துக்க என்றேன். சிரிக்கவில்லை. எட்டு நாள் பேச்சே இல்லை.

ஒன்பதாம் நாள் அவளே பஸ் ஏறி வந்தாள். சேத்து வெச்சதே நானு, பிரிச்ச பாவம் எனக்கு வேண்டாம், பொறப்படு என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேலத்தில் அஸ்தம்பட்டி வக்கீல், இந்தப் பேர் எப்படி வந்துச்சும்மா என்று கேட்டபோதுதான் விளங்கியது. ஜோசியர் இந்தப் பொண்ணே வேண்டாமுன்னாருங்க, நாந்தானுங்க பேரை மாத்தி இன்னொருக்காப் பாருங்கன்னு மல்லுக்கட்டினேன், எந்தம்பி ஊரு ஊராப் போறவன், ஊட்டுல இருக்கறவ படிச்சவளா இருந்தாத் தனியாச் சமாளிச்சுக்குவான்னு நெனச்சேனுங்க என்றாள். கையெழுத்தைப் போட்டு நிமிர்ந்து, சமாளிச்சுப்புட்டா என்றாள்.

அதற்கு மட்டும் எனக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

நான் ஒடிசா, சத்தீஸ்கர் என்று போர் போடப் போனபோது எந்த ஆபீசும் என்னிடம் சான்று கேட்கவில்லை. வருசத்தில் நாற்பது நாள் வீட்டில் இருந்தால் அதிகம். போகாதீங்க என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இடுப்பு விட்டுப்போய், இனி வீட்டோடு இருக்கலாம் என்று வந்த வருசம் நீ கிளம்பினாய். நானும் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லாததற்குள் என்னென்ன இருக்கும் என்று இந்த எட்டு மாசமா, பிரவீனா ஹாஸ்டலில் இருக்கிற நாளெல்லாம் ஒத்தை ஆளுக்குச் சோறாக்கும்போதுதான் தெரிகிறது.

படிவத்தில்தான் எத்தனை கேள்வி! வாடகை வீட்டில் எத்தனை அறை, இவரை வைத்துக் காப்பாற்ற முடியுமா, எல்லாம் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். இவர் வருவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு இடத்திலும் இல்லை. பிரவீனாவை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். நீயும் படிவத்தை அனுப்பினாயே தவிர, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேப்பர் எல்லாம் இப்போது உன் கையில். கொடுக்கத் தோன்றினால் கொடு. இத்தனை வருசம் கழித்து உனக்கென்று ஒரு வீடு, ஒரு சாவி கிடைத்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. தேதி தாண்டிவிட்டது, ஆபீசில் வாங்கவில்லை என்று மட்டும் போனில் சொல். நான் நம்பிக்கொள்வேன். அக்காவிடமும் ஊரிலும் அந்த நாட்டுச் சட்டம் அப்படி என்று சொல்லிக்கொள்கிறேன்.

பனியில் பார்த்து நட, சாமி. நல்லா இரு.

எந்தப் பதில் வந்தாலும் உன் வீட்டுக்காரன்,
சிவக்குமார்