‘இது டைப்ரைட்டர் இல்லை’

24 அக்டோபர் 1988, திங்கள்

சர்க்கரை ஆலையில் இன்று மானம் போயிற்று. கரும்பு லாரி எடைமேடையில் ஏறினால், அதன் எடை அங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். இதற்குத்தான் மெட்ராஸ் கம்பெனி என்னை இங்கே போட்டிருக்கிறது. போன செவ்வாயிலிருந்து சோதனையில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் காலையில் படுத்துவிட்டது. திரையில் இங்கிலீஷில் ஒரே வரி: ‘இது டைப்ரைட்டர் இல்லை.’

எடைமேடை கிளார்க் சேட்டுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “மெதுவாத்தாங்க மேடம் தட்டிகினு இருந்தேன்!”

மேனேஜர் ஜம்புலிங்கம் சார், “அரவை ஆரம்பிக்கற அன்னிக்கும் இப்படின்னா பொட்டியக் கட்டிகினு போயிடுங்க” என்றார். இங்கிருந்து போனால் கம்பெனி என்னை அனுப்பப்போவது பம்பாய்க்கு. ஆவணியில்தான் எனக்கும் பாவாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. பாவாவின் தறிக்கொட்டகை திருத்தணியில். அவர் எப்படி வருவார்?

ஒன்பது மணிக்கு மேல் அதுவாகவே சரியானது. அதுதான் இன்னும் எரிச்சல்.

26 அக்டோபர்

கண்டுபிடித்தேன்! தவறு நடந்தால் திரையில் சொல்ல, பழக்கதோஷத்தில் perror என்ற கட்டளையைப் போட்டிருக்கிறேன். நெட்வொர்க் தவறுகளைச் சொல்ல t_error என்று தனியாக ஒன்று இருக்கிறது. perror பாவம், எப்போதோ நடந்த வேறு தவறை எடுத்து நீட்டியிருக்கிறது. மக்கு காஞ்சனா!

31 அக்டோபர், திங்கள்

காலையில் மறுபடி படுத்தது. இம்முறை t_error சொன்னது: ‘ஏதோ நடந்திருக்கிறது, கவனிக்கவும்.’ சேட்டு வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். “ஒண்ணும் நடக்கலீங்க. மாடுதான் மேய்ஞ்சிகினு கீது.”

சிரித்து வயிறு வலித்தது. என்ன நடந்தது என்று t_look வைத்துக் கேட்டேன். ஆபீஸ் பக்கம் இணைப்பை மறுக்கிறதாம். ஏன்? அதுவும் திங்கட்கிழமை மட்டும்?

1 நவம்பர்

அடக் கடவுளே! ஆபீஸில் எடையை வாங்கிக்கொள்ளும் புரோகிராமைத் தினமும் காலை எட்டு மணிக்குச் சார்தான் தன் கையால் தொடங்கிவைக்கிறார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம்!

“நல்ல காரியத்த ராகுகாலத்துல ஆரம்பிப்பாங்களாம்மா?”

கெஞ்சினேன், சண்டை போட்டேன். அசையவில்லை. அரவைப் பூசை 28ஆம் தேதி, திங்கட்கிழமை. பூசை ஒன்பதரைக்குத்தான், லாரிகள் விடிந்ததுமே வந்துவிடும்.

“பம்பாய்ல எனக்கும் ஒரு தறி பாத்து வெச்சுடு” என்று பாவா கிண்டல் செய்தார். அழுதுவிட்டேன்.

2 நவம்பர்

சாரை மாற்ற முடியாது. புரோகிராமை மாற்றலாமே?

28 நவம்பர், திங்கள்

ஏழரை மணிக்கே லாரி வரிசை கேட்டைத் தாண்டியிருந்தது. முதல் லாரி ஏறியதும் திரையில் என் வரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: ‘ஆபீஸ் பக்கம் இன்னும் ராகுகாலம். எடை என்னிடம் பத்திரம். முடிந்ததும் அனுப்புகிறேன்.’

சேட்டு உரக்கப் படித்தார். டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு லாரிகூட நிற்கவில்லை. ஒன்பது தாண்டி சார் தொடங்கிவைத்ததும் அத்தனை எடையும் மளமளவென்று போய்ச் சேர்ந்தது.

சார் எடைமேடைக்கே வந்து அந்த வரியைப் பார்த்தார். “மெஷினுக்கே ராகுகாலம் தெரியுதே! இது இங்கயே இருக்கட்டும்மா.”

“மெஷினா சார், நானா?”

“ரெண்டும்தான். உங்க கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே தறிக்கொட்டகைக்குப் போனேன். சத்தத்தில் பாவாவுக்குக் காது கேட்கவில்லை. தறி நின்றதும் சொன்னேன்: “பம்பாய்ல தறி பாக்க வேணாம் பாவா.”