குழல்வாய்மொழி என்ற படகு

12 ஜூன் 1959, தென்காசி

மழை இல்லை. காற்று மட்டும். கொச்சிப் படகுப் பட்டறையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருஷமாகிறது. இன்றும் கண் விழித்ததும் மூக்கு தார் வாசனையைத்தான் தேடுகிறது. கடல் இல்லாத ஊரில் இந்தக் காற்று யாருக்காக அடிக்கிறது?

பால்வண்ணநாதன் பிள்ளை கூப்பிட்டனுப்பினார். செங்கோட்டையில் மர டிப்போ, குற்றாலத்தில் பங்களா. தூத்துக்குடியில் ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறார், பாய்ப்படகு வேண்டுமாம். அது ரேஸில் ஜெயிக்க வேண்டும். குடும்பத்தோடு கரையோரமாக மணப்பாடு வரை போய், உள்ளேயே சமைத்துத் தூங்கவும் வேண்டும். வரைந்து கட்டுவது நான். சரி என்றேன்.

3 ஜூலை

வரைபடத்தைக் காட்டினேன். பத்தொன்பது அடி. உள்ளறையில் உட்காரத்தான் முடியும். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

“உள்ள நிமிந்து நிக்கணும்லே. எவனுக்கும் நான் குனிஞ்சதில்ல. என் படகுக்கா குனியணும்?”

குனிய வைத்தே பழகியவர். அறை உயர்ந்தால் காற்று அதையும் பாயாக நினைத்துத் தள்ளும், படகு சாயும், எதிர்க்காற்றில் முன்னேறாது என்றேன். வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, கூரையில் தூக்குக் கதவு வைத்தால் என்ன, படகு நிற்கும்போது திறந்து, ஓடும்போது மூடிவிடலாமே என்றார். நல்ல யோசனை. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

9 பிப்ரவரி 1960

கொச்சிப் பட்டறையில் என்னோடு இருந்த மசூது பலகைகளை ஆவி காட்டி வளைக்கிறான். அடியில் கனத்துக்குப் பழைய ரைஸ்மில் இரும்பை வார்த்தாயிற்று. நடுவே மேலே இழுத்துக்கொள்ளும் பலகை; ஆழமில்லாத கரையிலும் தட்டாது.

“பந்தயத்துக்கும் ஓடணும், பாலும் கறக்கணும்னா அது என்ன மாடுலே?” என்கிறான் மசூது.

17 ஜூலை

கீழப்பாவூர்க் குளத்தில் இறக்கினோம். பெயர் ‘குழல்வாய்மொழி’. பிள்ளையின் மனைவி பெயர். குற்றாலத்து அம்மன் பெயரும். பிள்ளை கரையில் குடைக்குள் நின்றார். சுக்கான் என் கையில்.

சாரல் காற்று மோதியதும் சாய்ந்தது. ஓரளவுதான் — அடி இரும்பு பிடித்துக்கொண்டது. சுக்கானை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். மூக்கைக் காற்றுக்குள் திருப்பி, பாய் படபடக்க நின்றுவிட்டது. அப்படித்தான் வரைந்திருந்தேன், பாயின் இழுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி. பிடித்தவன் கை விட்டாலும் படகு ஆளைக் கவிழ்க்காது.

இதை ரேஸில் நான் ஓட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

30 ஜனவரி 1961, தூத்துக்குடி

கிளப் விதி: கூலி வாங்குகிறவன் ரேஸில் சுக்கான் பிடிக்கக் கூடாது. துரைமார் எழுதியது. சுதந்திரம் வந்து பதின்மூன்று வருஷமாகிறது, நம்மவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சோற்றுக்கு உழைக்கிறவன் கை தீட்டோ?

“சம்பளத்த விட்ருலே இசக்கி. சிநேகிதன்னு பேர் குடுத்திருதேன்” என்றார் பிள்ளை.

அம்மாவும் தங்கையும் சிநேகிதத்தையா சாப்பிடுவார்கள்? சம்பளம் போதும் என்றேன்.

31 ஜனவரி

அவர் ஓட்டினார். நான் முன்னால் கயிறு இழுத்தேன். காற்று ஏறியது. பாயைச் சுருக்குவோம் என்று இரண்டு தடவை சொன்னேன், மற்றவன் சுருக்கினானா என்றார். அடுத்த வீச்சில் சுக்கான் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. படகு தானாகக் காற்றுக்குள் திரும்பி நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. கடைசியாக வந்தோம்.

கரையில் நாலு பேர் முன்னால் சொல்லுகிறார்: “சுக்கான் ஒரு பக்கமா இழுக்குலே. அந்தக் கோளாற எடுத்துரு.”

கோளாறா? அதுதான்வே உம்ம உசுரக் காப்பாத்துச்சு, எடுக்க மாட்டேன் — சொல்லியே போட்டேன். நாலு பேர் முன்னால்தான்.

வேலை போயிற்று.

2 பிப்ரவரி

கூலி இல்லை. அப்படியானால் இனி நான் சுக்கான் பிடிக்கலாம். சிரிப்பாக வருகிறது.

11 ஜூலை 1962, தென்காசி

பம்ப்செட் கடையில் வேலை. சாயங்காலம் குளத்துப் பக்கம் சைக்கிளை விட்டேன். அதே காற்று, அதே தண்ணீர், எருமைகள். கரையில் நின்றபோது, கைக்குள் சுக்கான் இழுப்பது போலவே இருந்தது.

28 ஜனவரி 1963

நேற்று தூத்துக்குடியில் ரேஸ். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அய்யாத்துரை அங்கே கிளப் மெம்பர். பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறான். என்னைச் சிநேகிதன் என்றே எழுதிக்கொடுத்தான். நிஜமும் அதுதானே. பைசா வாங்காமல் சுக்கான் பிடித்தேன்.

பாதி தூரம் நாங்கள்தான் முதல். பின்னால் குழல்வாய்மொழி. அது கடலில் ஓடுவதை வெளியிலிருந்து இதுவரை பார்த்ததே இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காற்று ஏறியது. பாயைச் சுருக்கலாமா என்றான் அய்யாத்துரை. மற்றவன் சுருக்கினானா என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. எங்கள் படகு படுத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவியது.

குழல்வாய்மொழி நிமிர்ந்து வந்தது. பாயில் ஒரு மடிப்புக் குறைத்துக் கட்டியிருந்தது. கூரைக் கதவு மூடியிருந்தது. பிள்ளை சுக்கானைத் தன் பக்கம் இழுத்தே பிடித்திருந்தார். அது இன்னும் ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது — கோளாறை எடுக்கவில்லை.

தாண்டும்போது கத்தினார்: “ஏலே இசக்கி, பாயச் சுருக்குலே!”

சுருக்கினேன்.