மூன்று வருஷத்துக்கு ஒரு வரி

இன்று காலை என் தங்கையின் பேத்தி, வேலைக்கு அனுப்பப்போகும் பயோடேட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பக்கம், ஓரத்தில் நீலப் பட்டை. வருஷங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் மூன்று வருஷத்தைக் காணோம். கேட்டதற்கு, "குழந்தைக்காக வீட்ல இருந்தேன் பாட்டி. அதைப் போட்டா கூப்பிட மாட்டாங்களாம்" என்றாள்.

சிநேகிதி, நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் நாம் பழகினோம். இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். எனக்கு இருபது வயது, உனக்கு இருபத்து நாலு. பள்ளி முடித்து ஒரு வக்கீலிடம் கொஞ்ச நாள் டைப் அடித்தாய். பிறகு கல்யாணமாகி மருங்காபுரிப் பக்கம் மூன்று வருஷம். புருஷனை விட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தாய். காரணத்தை நீ சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

கன்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேண்டும், ஒரே இடம் என்று பேப்பரில் வந்தது. இருவருமே விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்தோம். நான் இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அப்பாவின் உடல்நிலை, வீட்டுக் கஷ்டம், கோலப் போட்டியில் வாங்கிய பரிசு, முடிவில் நாலு வரி கும்பிடு. நீ நின்றபடியே படித்தாய்.

"இதுல நீ எங்கடி இருக்கே?"

"எல்லாமே நான்தானே?"

"டைப் அடிப்பியான்னு தேடுறவர் மூணாவது பக்கம் வரைக்கும் வருவாரா? ஒரே பக்கம். பேரு, படிப்பு, ஸ்பீடு, வேலை. இடது பக்கம் நல்லா மார்ஜின் விடு. வருஷமெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கணும். படிக்கிறவர் கண்ணு அலையக்கூடாது."

நாலு தடவை திருப்பி அடிக்க வைத்தாய். நாலாவது தாளைப் பார்த்தபோது, அதில் இருப்பவளுக்கு நானே வேலை கொடுப்பேன் என்று தோன்றியது.

உன் தாளில் எனக்கு ஒரு வரிதான் உறுத்தியது. மூன்று வருஷத்தைக் குறித்து, 'குடும்பம், மருங்காபுரி. இப்போது தந்தை வீட்டில்' என்று அடித்திருந்தாய். மேலேயும் கீழேயும் இடம் விட்டதில் அந்த வரி தனியாக நின்றது.

"வக்கீல் ஆபீஸ் வருஷத்தைக் கொஞ்சம் இழுத்துவிடேன். மிஸ்னு போட்டா யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"நான் இருந்த வருஷம்டி அது. இல்லாத மாதிரி எப்படி அடிக்கிறது?"

இருவரையும் கூப்பிட்டார்கள். முதலில் டைப்பிங் டெஸ்ட், பிறகு மேனேஜரோடு பேச்சு. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "அந்த வரியைப் பத்திக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். சரிம்மான்னுட்டார்." உன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆர்டர் எனக்கு வந்தது. நீ வீட்டுக்கே வந்து, "முதல் நாள் சீக்கிரமாவே போயிடு" என்றாய். வாசல்வரை போய்த் திரும்பி, "டெஸ்ட்ல எங்கேயோ தப்பு விட்டிருக்கேன்போல" என்றாய். மறுநாளிலிருந்து இன்ஸ்டிட்யூட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாய். ஒன்றரை வருஷம் அப்படி உட்கார்ந்தாய்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜர் சொன்னார்: "உங்ககூட வந்தாங்களே, அந்தம்மாதான் டெஸ்ட்ல முதல். ஒரு தப்பு இல்ல. ஆனா புருஷனை விட்டு வந்தவங்க. நாளைக்கு ஆபீஸ்ல பேச்சு வரும். நாங்க செஞ்சது சரிதானே?"

"சரிதான் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை.

பிறகு சமயபுரம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் உன்னை எடுத்துக்கொண்டது. அதே தாள், அதே வரி. தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "திங்கட்கிழமை வந்துடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அந்தப் பள்ளிக்கூட ஆபீஸை ஓய்வு பெறும்வரை நீதான் நடத்தினாய். என் ஆபீஸில் விண்ணப்பங்களைப் பிரித்து வைக்கும் வேலை பின்னாளில் எனக்கு வந்தது. உன்னைப்போல ஒரு வரியைத் தனியே நிறுத்திய பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்காகவும் வாதாடி உள்ளே கொண்டுவந்தேன். அதையெல்லாம் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய்.

இதை மட்டும் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேலும், அம்மா மண்டபத்துக் காவிரிப் படியில் உட்கார்ந்திருந்தபோது, "அன்னைக்கு டெஸ்ட்ல கை நடுங்கிடுச்சுடி" என்று சிரித்தாய். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கை நடுங்கவில்லை. ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை. எனக்கு அது இரண்டாவது வாரமே தெரியும்.