வடக்குப்பட்டு முனையில் உன் படம்

வடக்குப்பட்டு,
ஆவணி மாதம், 2013

அம்மா ரஞ்சனி,

நீ நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். நானும் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. வாலாஜாபாத் டாக்டர் கொடுத்த தைலத்தை, நாற்றம் தாங்கவில்லை என்று பீரோ மேலே தூக்கி வைத்துவிட்டாள். நீ சொன்னால் கேட்பாள், ஒரு வார்த்தை சொல்.

போனில் பேசியிருக்கலாம்தான். நான் கேட்டால் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்த் தண்ணீர் லாரிக்காரர் தணிகாசலத்தின் மகன் தமிழ்வாணன் வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டியவன். பிரேக் பிடிக்காத வேனில் ஏறமாட்டோம் என்று ஷிப்டுக்குப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தியவன் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் சக்திகுமார். அந்த வாரமே அதே வேன் அவன்மேல் ஏறியது. ஒரு முறை மோதியதோடு போயிருந்தால் விபத்து என்று விட்டிருப்பார்கள். வேன் பின்னால் வந்து இன்னொரு முறை ஏறியதை டீக்கடை லூர்தம்மாள் கண்ணால் பார்த்து, செங்கல்பட்டு கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னாள். ஆயுள் தண்டனை ஆயிற்று. இப்போது அவன் ஹைகோர்ட்டில் அப்பீல் செய்திருக்கிறான். அரசாங்கத்தின் பக்கம் நிற்கும் வழக்கறிஞர் நீ. செத்தவனின் மனைவி மாரிசெல்வி நம்முடைய வாடகை அறையில் குடியிருந்தவள். இவ்வளவும் உனக்கும் தெரியும்.

அப்பீல் என்றால் என்ன என்று அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள். பரீட்சைத் தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவது போல என்றேன். புதிதாக எதுவும் எழுத முடியாது, ஏற்கெனவே எழுதியதை இன்னொருவர் திரும்பப் படிப்பார், அவ்வளவுதான். லூர்தம்மாள் மறுபடி வந்து சொல்ல மாட்டாளா என்றாள். மாட்டாள், அவள் சொன்னது காகிதத்தில் இருக்கிறது, அதை நீதிபதிக்கு எடுத்துப் படித்துக் காட்டுவது ரஞ்சனியின் வேலை என்றேன். "அப்ப அக்கா வாய்லதான் எல்லாம் இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

வழக்கு உன்னிடம் வந்த செய்தி ஊருக்குள் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று தணிகாசலத்தின் தண்ணீர் லாரி நம் வாசலில் வந்து நின்றது. நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினேன். "தானா வர்ற தண்ணியப் போய் வாணாங்குறியே, ஒனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அம்மா திட்டினாள். அரசுத் தேர்வுக்கு மேற்பார்வையாளராக வெளியூர் போகும்போது நான் கையோடு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதும் என்று நமக்குத் தெரியாது. டீ கொடுத்தவர் முகம், கையெழுத்துப் போடும்போது குறுக்கே வரக்கூடாது. இதை அம்மாவுக்குச் சொன்னேன். "ஆமா, நீயும் ஒன் பரீட்சையும்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நானும் ஏமாந்தேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரே நின்றுகொண்டிருந்தது. பூசாரி என் பெயரைச் சொல்லி முதல் மரியாதைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் இல்லாத மரியாதை இப்போது எதற்கு என்று எனக்கு உறைத்தது. ஆனால் அம்மன் முன்னால் எப்படி வேண்டாம் என்பது? குனிந்தேன். பரிவட்டம் கட்டிய கை பூசாரியுடையது இல்லை. நிமிர்ந்து பார்த்தால் தணிகாசலம். போட்டோ எடுக்கவும் ஓர் ஆள் தயாராக நின்றான்.

ஆவணி பிறந்ததும், அப்பீல் முடியும்வரை என்று தமிழ்வாணன் ஜாமீனில் வந்துவிட்டான். அன்றைக்கே தணிகாசலம் இனிப்புப் பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி பேசினார். "இன்னா வாத்தியாரே, பாப்பா கோர்ட்ல எய்ந்து ஒரு வார்த்த பேசலியே! ஊர்ப் பாசம் வுட்டுப் பூடுமா?" என்றார். பெட்டியை வாங்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே வந்துவிட்டது. வேண்டுமென்றே என் காதில் போட்ட பொய்யாக இருக்கலாம். நீ ஆட்சேபித்தும் நீதிபதி ஜாமீன் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

பிறகு சாலை முனையில் பேனர் வைத்தார்கள். மேலே உன் படம், "மண்ணின் மகளே" என்று எழுத்து. நடுவில் பரிவட்டத்தோடு நான். கீழே கை கூப்பிச் சிரித்தபடி தமிழ்வாணன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "எம்மாம் அழகா கீது எம் பொண்ணு" என்று பூரித்தாள். அந்தப் படத்தில் நீ கறுப்பு அங்கி போட்டு, சட்டப் புத்தக அலமாரி முன்னால் நிற்கிறாய். கண்ணாடி புதிது. சித்திரையில் மாற்றினேன் என்று போனில் சொன்னாயே, அதுதான். அதன் பிறகு நீ ஊருக்கு வரவில்லை. அந்தக் கண்ணாடியில் உன் முகத்தை முதன்முதலாக நான் அவர்கள் வைத்த பேனரில்தான் பார்த்தேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. அவர்களிடம் எப்படி வந்தது? பேஸ்புக்கில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பக்கத்து அறைப் பையன்கள் சொல்கிறார்கள். நீ அதில் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது.

மாரிசெல்வி கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சாமான்களைக் கட்டினாள். மண்ணூரில் நாலு பெண்களோடு தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கோபமாகப் பேசவில்லை. "சார், ஒங்க மக எங்க பக்கமா, அவிய பக்கமா? ஊர்ல அத்த கேக்காவ, நான் என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் பதில் சொன்னவன் நான். உங்கள் பக்கம்தான் அம்மா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரஞ்சனி, நான் உன்னை விசாரிக்கவில்லை. உன் வேலையில் என்னென்ன நெருக்கடி வரும், யார் யார் மேலிருந்து பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. முழு மனதோடு இந்த வழக்கைப் பேச முடியாது என்றால், இது என் ஊர்க்காரன் வழக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு. காரணம் கேட்கமாட்டேன். அம்மாவிடமும் மூச்சு விடமாட்டேன். நீ எப்போதும் போல வரலாம், சாப்பிடலாம், தூங்கலாம்.

பேசுவதென்றால், வழக்கு எடுக்கும் தேதியை எழுது. நேற்று மண்ணூர் போய் மாரிசெல்வியைப் பார்த்தேன். வழக்கு நாளன்று லீவு போட்டுவிட்டு என்னோடு வருகிறேன் என்றாள். ஹைகோர்ட்டுக்குள் வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாமே, அதைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். நீ ஏற்பாடு செய்ய வேண்டாம். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்போம். நீ நீதிபதியைப் பார்த்து நிற்பாய், எங்களுக்கு உன் முதுகுதான் தெரியும். அது போதும். லூர்தம்மாள் சொன்னதை மட்டும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படி, அம்மா. உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

உன் தேதிக்காகக் காத்திருக்கும்
அப்பா,
கன்னியப்பன்