மூக்கில் வைக்காத எடை

என் அவசரக்கார அப்பாவுக்கு,

நாம் சேர்ந்து ஒட்டத் தொடங்கிய பிளாஸ்டிக் பொம்மை விமானம் முடிந்துவிட்டது. அப்படி எழுதக் கை வருகிறது, மனசுதான் வரமாட்டேன் என்கிறது. இறக்கைகளை ஒட்டிவிட்டேன். உடம்புக்கு வெள்ளை பூசிப் பக்கவாட்டில் நீலக் கோடும் இழுத்தேன். இந்த வெயிலில் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடுகிறது, கோடு இரண்டு இடத்தில் நடுங்கியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களை மாட்டி மேசைமேல் நிறுத்தினேன். நம் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் எடை வைக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டிருக்கிறது. அதைப் பென்சிலால் வட்டமிட்டு, சாயங்காலம் சேர்ந்து செய்வோம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். பரவை மார்க்கெட்டில் வெங்காய வியாபாரத்தை முடித்துவிட்டுக் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறவர் நீங்கள். சாயங்காலம் வரை எப்படிப் பொறுப்பீர்கள்? நான் வரும்போது ஒட்டி மூடியிருந்தீர்கள். "ரெண்டாக் கெடந்தா பாக்க நல்லால்ல பாப்பா" என்றீர்கள். எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்த மாதக் கடைசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

தெரிந்தேதான் மூடினீர்களா? அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையா? இதை நான் யாரிடம் கேட்பது?

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது மாமாதான். விமானம் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "மச்சான் கடையிலயும் இப்படித்தானக்கா. மூட்டையத் தச்சுப்புட்டு அப்புறந்தான் எடை போடுவாரு. கொறஞ்சா மறுபடி பிரிப்பாரு." அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் உங்களைக் கேலி செய்ததில்லை, அப்பா.

மாமா அப்படியே விடச் சொல்கிறார். பறக்கப்போகிற மாதிரி அழகாகத்தான் இருக்கிறதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பறக்கப்போகிற விமானம் வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டு உட்காருமா? அடுத்த மாதம் உங்கள் முதல் வருஷத் திதி. அன்றைக்கு உங்கள் படத்துக்குக் கீழே அது மூன்று சக்கரமும் தரையில் பட நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாடம் படிக்கும்போதும் கண் மேசைக்கே போகிறது.

பிரிக்கலாம்தான். ஆனால் ஒன்று இருக்கிறது. ஒட்டும்போது பசை பிதுங்கி, விமானிகளின் ஜன்னலுக்குப் பின்னால், மேல் இணைப்பின் மீது உங்கள் கட்டைவிரல் பட்டிருக்கிறது. அந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்கிவிடுமில்லையா? ரேகை அப்படியே பதிந்து இறுகிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் நான் பெயிண்ட் அடிக்கவில்லை. வெள்ளை உடம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல். தூசி துடைக்கிற சாக்கில் அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா உங்கள் படத்துக்குச் சந்தனம் வைத்தார். கிண்ணத்தில் மீதி இருந்ததை, புது வண்டிக்கு வைக்கிற மாதிரி, விமானத்தின் மூக்கில் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தார். மூக்கு மெல்ல இறங்கியது. முன்சக்கரம் மேசையைத் தொட்டது. சந்தனம் காய்ந்து ஈரம் போகப் போக, மத்தியானத்துக்குள் மூக்கு பழையபடி மேலே போய்விட்டது.

"இம்புட்டு எடைதானா கொறையுது?" என்று அம்மா கேட்டார்.

அம்புட்டுத்தான் என்றேன். அடிப்பக்கம் மட்டும் அறுத்து, கொஞ்சம் விரித்து, உள்ளே சைக்கிள் சக்கரத்தில் போடுகிற பால்ரஸ் இரும்புக் குண்டுகளைப் பசையோடு திணிக்கலாம். ஆனால் விரிக்கும்போது மேல் இணைப்பு தாங்காமல், ரேகை நடுவே பிளந்துவிடலாம். இதையும் சொன்னேன். அம்மா விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொளந்தா பொளக்கட்டும் பாப்பா. ரெண்டு பாதியிலயும் அவரு வெரலுதான இருக்கும்."

அதனால் நாளைக் காலையில் அறுக்கப்போகிறேன். நாகமலைப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் மாமா பால்ரஸ் குண்டுகள் வாங்கி வந்துவிட்டார். புது பிளேடும் இருக்கிறது. மேலே உங்கள் விரல் இருக்கிற இடத்தை அம்மா தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டுமே. நீலக் கோட்டைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

ஆனால் ஒன்று சத்தியம், அப்பா. குண்டுகளைப் போட்டு, மேசையில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடுவதை அம்மாவும் நானும் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடுவேன். இந்தத் தடவை எடை போட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தைப்பது.

நீங்கள் தைத்ததைப் பிரிக்கப்போகும் உங்கள் மகள்,
பவித்ரா